நாலு நாய்க்கு ஒரு பங்கு

"நாய்ப் பங்கு எங்க மாமா?"

ஷோபனா கேட்டேவிட்டாள். எல்லையம்மன் கோயில் புளியமரத்தடியில் தேக்கிலைகளை வரிசையாகப் பரப்பிக் கிடாக்கறியைக் கூறு போட்டுக்கொண்டிருந்த ஆண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவளுடைய அப்பா ராஜவேலுவின் கையிலிருந்த கத்தி தொடைக்கறிக்குள் பாதியில் நின்றது. ஈக்கள் மட்டும் தம் வேலையை விடவில்லை.

பங்கு போடும் இடத்துக்கு அந்த ஊரில் பெண்கள் வருவதில்லை. வந்தாலும் ஓரமாகக் கோயில் சுவரை ஒட்டி நின்றுகொள்ள வேண்டும். வாயைத் திறப்பது என்கிற பேச்சே கிடையாது. அன்று காலையில்தான் அம்மா நீலாவதி தலை சீவிவிடுகிற சாக்கில் சடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள்.

"இன்னா வேணா கேளு. ரோடு கேளு, பஸ்ஸு கேளு. நாய்ப் பங்க மட்டும் கேக்காத. உன் தாத்தா கேக்கல, உன் நைனா கேக்கல. அது அவங்களா குடுக்கறது. கேட்டு வாங்கனவன் ஒருத்தன் இல்ல இந்த ஊர்ல. அதுவும் பொம்பள!"

"குடுக்கலன்னா?"

"குடுக்கலன்னா கம்முனு வரணும்."

கம்மென்று வருவது ஷோபனாவுக்கு வராத கலை. வாணியம்பாடியில் விலங்கியல் பட்டம் வாங்கி, அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கறுப்பு அங்கி போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டவள் அவள். வேலை கேட்டுப் போய் உட்கார்ந்த இடத்தில் ஒரு மேனேஜர், "உங்க வீட்ல யாராவது படிச்சிருக்காங்களா?" என்று கேட்டான். "நான் படிச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். அவன் தண்ணீர் குடிக்கச் சொல்லி நீட்டிய டம்ளரைக்கூடத் தொடவில்லை. அதற்குப் பிறகு மலையில்தான் இருந்தாள். வீட்டில் அவளுக்குக் கொடுத்த வேலை நாய் பார்ப்பது.

நாய்கள் நான்கு. ஊருக்குப் பொது. ராஜவேலுவின் வாசலில்தான் காலங்காலமாகக் கிடந்தன. வேட்டை நாய் என்று பட்டம். வேட்டையோ சட்டப்படி நின்று வெகுகாலமாயிற்று. இப்போதைய வேலை, காட்டுப் பன்றி நிலத்தில் இறங்கினால் விரட்டிக் காட்டுக்குள் ஏற்றிவிடுவது, அவ்வளவுதான். முன்னால் ஓடுகிறவன் ராக்கெட்டு. பார்க்கிறவர்கள் எல்லோரையும் அதட்டுகிறவள் டீச்சர். உருண்டையாகப் பிறந்தவன் ஜாமூன். எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு வந்து சுற்றிப் பார்ப்பவன் கலெக்டர்.

வேட்டைக்குப் போன காலத்திலிருந்தே ஒரு வழக்கம். கறி எதுவானாலும் முதல் இலை நாய்க்கு. நுரையீரல், மண்ணீரல், குடல், கையளவு கொழுப்பு. அதற்கப்புறம்தான் வீட்டுக்கொரு கூறு. வேட்டை நின்ற பிறகு, கடலை பிடுங்கி முடித்ததும் எல்லையம்மனுக்கு வெட்டும் கிடாவில் அந்தப் பங்கு தொடர்ந்தது. நடுவில் எப்போதோ முதல் இலை அப்படியே சுருண்டு, ஊர்ப் பெரியதனம் பார்க்கும் பஞ்சாட்சரத்தின் வண்டிப் பையில் ஏறத் தொடங்கியது. நாய்களை மேற்பார்வை பார்ப்பவர் அவர்தானாம். நாய்களின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. நான்கையும் "தா, நாயி" என்றுதான் கூப்பிடுவார்.

தீனி விஷயத்தில் மட்டும் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. "வயிறு காய்ஞ்சாத்தான் நாய்க்கு வெறி வரும். துன்ன நாயி தூங்கும்." ஊரே அதைப் பிடித்துக்கொண்டது. அதில் சௌகரியம் இருந்ததல்லவா! வீட்டுக்கு வீடு வந்துகொண்டிருந்த கூழ், அரிசி கழுவிய தண்ணீராக இளைத்து, டீக்கடையில் நமுத்துப்போன பிஸ்கட்டாக முடிந்தது.

கடலை பூ விட்ட சமயத்தில் நடந்தது அந்தக் கூத்து. பன்றிக் கூட்டம் இறங்கியிருக்கிறது என்று சத்தம் கேட்டு நாய்களை அவிழ்த்துவிட்டார்கள். ராக்கெட்டு பாதி மேடு ஓடினான். பிறகு பெரிய ஆண் பன்றி ஒன்றுக்கு நேர் எதிரே போய் உட்கார்ந்துவிட்டான். மூச்சு வாங்கியது. பன்றிக்கும் ஒன்றும் புரியவில்லை. கிட்டே வந்து மோந்து பார்த்தது, பாவம் என்று நினைத்ததோ என்னவோ, அவனைச் சுற்றிக்கொண்டு போய்க் கடலையைத் தோண்டியது.

மறுநாள் பஞ்சாட்சரம் தீர்ப்புச் சொன்னார். "நாலும் வேஸ்ட்டு. வேன்ல ஏத்தி கண்ணமங்கலம் ரோட்டுல வுட்டுட்டு வந்துடலாம். வெளியூர்ல வேற நாயி சொல்லிருக்கேன்."

ரோட்டில் விட்டால் முதல் லாரிக்கே தாங்காது. ஷோபனாவுக்குக் காது சிவந்துவிட்டது.

"கெடா வெட்டற வரைக்கும் குடுங்க மாமா. அதுக்குள்ள ஒரு பன்னி உள்ள எறங்கிக் கடலையத் தொட்டுதுன்னா, வேன்ல நானே ஏத்தறேன்."

"நீ எதுல ஏறுவ?" என்று அவர் கேட்க, ஊர் சிரித்தது. ஆனால் தவணை கிடைத்துவிட்டது.

இனி தீனி. ஆலங்காயம் பஸ்ஸில் மலையிறங்கிப் போய் முதலில் பெரிய கடையில் நாய் உணவு கேட்டாள். கடைக்காரர் எடுத்து வைத்த மூட்டையில் தரையைக் கூட்டுகிற அளவுக்கு முடி வைத்த வெள்ளைக்கார நாய் ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

"இத்த துன்னா முடி அப்டியே பளபளன்னு வரும்மா."

"முடி பளபளன்னு இருந்தா பன்னி ஓடுமாண்ணா?"

"பன்னியா?"

அந்த மூட்டையின் விலைக்கு ஒரு ஆட்டுக்குட்டி வாங்கலாம். நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தாள். முடி வைத்த நாய்க்குக் கைகூடக் காட்டினாள்.

சரி, ஊரில் விளைவதையே போடுவோம் என்று கொள்ளில் இறங்கினாள். சத்துக்குக் குறைவே இல்லாத தானியம், வீட்டிலேயே மூட்டை கிடக்கிறது. ஊறவைக்கப் பொறுமையில்லாமல் அப்படியே குண்டானில் கொட்டி வேகவைத்து, நாய்களுக்கு வயிறு முட்டப் போட்டாள். நாய்களும் ஆனந்தமாகத் தின்றன. வெயில் தாழ்ந்த நேரம், ஆண்களோடு அவளும் நாய்களும் புதருக்குப் பின்னால் மூச்சு விடாமல் பதுங்கியிருந்தார்கள். பன்றிகள் மெதுவாக இறங்கி வந்தன. அப்போது ஜாமூன் விட்டான். அவனைத் தொடர்ந்து ராக்கெட்டு. பிறகு டீச்சர், நீளமாக, இழுத்து, பாடம் நடத்துவதுபோல. புதர் முழுக்க வேறு யாரும் உட்கார முடியாமல் போயிற்று. ராஜவேலு துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினார். பன்றிகள் மூக்கைத் தூக்கின, திரும்பின, வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு நேராகப் பஞ்சாட்சரத்தின் கொல்லைக்குள் இறங்கின. நல்லவேளை, அங்கே அன்றைக்கு வேலியோரச் சோளத்தோடு போயிற்று. கடலையைத் தொடவில்லை.

"டிகிரி படிச்ச பொண்ணு நாய்க்கு காஸ் கனெக்‌ஷன் குடுத்துட்டா!" என்று பஞ்சாட்சரம் ஊர் பூராவும் சொன்னார். கலெக்டர் எல்லாம் முடிந்த பிறகு புதருக்கு வந்து, மோந்து பார்த்துவிட்டு, திரும்பிப் போய்விட்டான்.

ஷோபனா அன்றைக்கு அழவில்லை. குண்டானைத் தேய்த்தாள், தேய்த்த வேகத்தில் அதன் அடிப்பாகம் புதிதாகிவிட்டது. மறுநாள் மறுபடி பஸ் ஏறினாள். இந்த முறை நேராகச் சனாவுல்லா பாயின் கறிக்கடை. காலைக் கூட்டம் கலைந்து, பாய் கட்டையைக் கழுவிக்கொண்டிருந்தார். ஓரமாக ஒரு வாளியில் யாரும் வாங்காத நுரையீரலும் மண்ணீரலும் மூச்சுக்குழலும் கிடந்தன.

"பாய், அந்த வாளி எனக்கு வேணும்."

"அது வாணாம்மா, நல்ல எடமா வெட்டித் தர்றேன். வூட்ல எத்தினி பேரு?"

"நாலு பேரு பாய். நாலு பேருக்கும் வாலு கீது."

பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கல்லாவில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி சகிலாவும் சேர்ந்துகொண்டாள். "அரே, நாய்க்கா? மலைலேர்ந்து நாய்க்குக் கறி வாங்க வந்தியா? இங்க ஆளுங்களே கால் கிலோவத் தாண்ட மாட்றாங்க!"

"பன்னி ஓட்டற நாய்ங்கக்கா. வயிறு ஒட்டிப் போயி கீது."

"அப்ப கொழுப்பு கொண்டுபோ" என்றார் பாய். "வேல செய்யறதுக்குச் சதை மட்டும் போதுமா? வெள்ளிக்கெழம வா, நெறைய நிக்கும். தூக்கித்தான போடறோம், நீ எடுத்துக்க."

"பச்சையாப் போட மாட்டேன் பாய். நாடாப் புழு வந்துடும். வேகவெச்சித்தான்."

"பாத்தியா," என்றாள் சகிலா புருஷனைப் பார்த்து. "நாய்க்கு ஆக்கிப் போட்றா. நீ நேத்து ஆறிப்போச்சுன்னு தட்டத் தள்ளுன."

அன்றிலிருந்து வீட்டுக் கொல்லையில் நாய்க் குண்டான் ஏறியது. கேழ்வரகுக் களி கிளறி, அதில் வெந்த நுரையீரலை நறுக்கிப் போட்டு, முருங்கைக்கீரை ஒரு பிடி, பூசணி ஒரு துண்டு. கறி கிடைக்காத நாளில் போளூர்ச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கருவாட்டுத் தலைகள், உப்புப் போக நன்றாக ஊறவைத்து. கொள்ளு முளைகட்டினால்தான், அதுவும் ஒரு கை. எல்லாவற்றுக்கும் மேலே உருக்கிய ஆட்டுக் கொழுப்பு ஒரு கரண்டி. ஓடுகிற நாய்க்கு அதுதான் பெட்ரோல் என்று ஷோபனா தன் அம்மாவுக்கு விளக்கினாள். வெங்காயத்தைக் கிட்டே அண்டவிடவில்லை. வெந்த எலும்பையும் போடவில்லை, சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

"எனக்குக்கூட இப்டி யாரும் ஆக்கிப் போட்டதில்ல" என்றாள் நீலாவதி. மூக்கைப் பொத்திக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் முருங்கைக்கீரையை உருவிக்கொடுத்தது அவள்தான்.

பஞ்சாட்சரம் சொன்னதில் அரைக்கால் உண்மை இருந்தது என்பதை ஷோபனா ஒத்துக்கொண்டாள், பல்லைக் கடித்துக்கொண்டு. வயிறு முட்டத் தின்றுவிட்டு நாய் ஓடக் கூடாது, குடல் முறுக்கிக்கொள்ளும். ஆகவே பெரிய தீனி வேலை முடிந்து மூச்சு அடங்கிய பிறகு. ஓடுவதற்கு முன்னால் ஒரு வாய்க் களி, அவ்வளவே. ஆனால் ஓடும் முன் வயிறு லேசாக இருக்க வேண்டும் என்று எந்தக் காலத்திலோ யாரோ சொன்னதை இழுத்து நீட்டி, வருசம் பூராவும் பட்டினி போடு என்று ஆக்கிக்கொண்டார்களே, அந்தப் புத்திசாலித்தனத்தை நினைக்கும்போதெல்லாம் கரண்டியைக் குண்டானில் ஓங்கி அடித்தாள்.

இன்னொன்றும் பழக்கினாள். அலுமினியத் தட்டில் கரண்டியால் தட்டினால் நாய்கள் வர வேண்டும், வரிசையாக உட்கார வேண்டும், "ம்" என்று அவள் சொல்லும்வரை வாய் வைக்கக் கூடாது. முதலில் நான்கும் அவளையே தள்ளிவிட்டுத் தட்டில் பாய்ந்தன. நாளாக ஆக, நாளைக்கும் சோறு வரும் என்கிற நம்பிக்கை வயிற்றில் ஏற ஏற, உட்கார்ந்தன. விலா எலும்புகள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஜாமூன் பெயருக்கேற்றபடி ஆனான்.

கடலை முற்றிய ஒரு விடியற்காலையில் பன்றிகள் மறுபடி இறங்கின. நாய்களைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கக்கூட அவளுக்கு நேரம் கொடுக்கவில்லை ராக்கெட்டு, முளைக்குச்சியோடு பிய்த்துக்கொண்டு பறந்தான். டீச்சர் இடப்பக்கம், ஜாமூன் வலப்பக்கம். பின்னால் கரண்டியும் கையுமாக ஷோபனா. பக்கத்துக் கொல்லை அமுதவல்லி மாராப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "பிடி! பிடி! பிடிக்காத! தொரத்து!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். பன்றிக் கூட்டம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடைக்கரைப் பக்கம் திரும்பியது.

ஓடைக்கரையில் பஞ்சாட்சரம் சொம்போடு உட்கார்ந்திருந்தார்.

அடுத்து நடந்ததை அவர் தன் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. ஊருக்கு மனப்பாடம். சொம்பு ஒரு பக்கம், வேட்டி ஒரு பக்கம், அவர் பலாமரத்தின் முதல் கிளையில். அவருக்குக் கீழே பன்றிகள் போயின, பன்றிகளுக்குப் பின்னால் நாய்கள் போயின, நாய்களுக்குப் பின்னால் ஷோபனா போனாள், தலையைத் திருப்பிக்கொண்டுதான். கலெக்டர் கடைசியாக வந்தான். இந்த முறை அவன் பன்றி பக்கமே போகவில்லை. மரத்தடியில் நின்று வேட்டியைக் கவ்விக்கொண்டு நேராக ஊருக்குள் நடந்தான்.

அமுதவல்லி நிலத்திலேயே உட்கார்ந்து சிரித்தாள். ஷோபனா சிரித்த சிரிப்பில் விக்கல் வந்து, அன்று முழுக்க நிற்கவில்லை.

பஞ்சாட்சரம் டீக்கடையில் சொன்னது வேறு. "மேலேர்ந்து நான்தான் வழி காட்டனேன்."

கடலை முழுசாக வீடு வந்து சேர்ந்தது. அவள் தவணை கேட்ட பிறகு ஒரு பன்றிகூட ஒரு செடியைத் தொடவில்லை. அந்தக் கடலைக்காகத்தான் இன்றைக்குக் கிடா. அந்தக் கிடாவின் முதல் இலை, நுரையீரலும் மண்ணீரலும் குடலும் கொழுப்புமாக, இதோ அவருடைய வண்டியில் தொங்கும் நீலப் பையில்.

"இன்னா கேட்ட?" என்றார் பஞ்சாட்சரம்.

"நாய்ப் பங்கு எங்கன்னு கேட்டேன் மாமா."

"ஷோபனா..." என்றார் ராஜவேலு, கத்தியைப் பார்த்துக்கொண்டே.

"படிச்ச திமிரு" என்றார் பஞ்சாட்சரம் கூட்டத்தைப் பார்த்து. "பங்கு கேக்கறதுக்கு நீ யாரு? நாயா? நாயி வந்து கேக்கட்டும், குடுக்கறேன்."

ஆண்கள் சிரித்தார்கள். ஷோபனா தோள் பையிலிருந்து அலுமினியத் தட்டை எடுத்தாள், கரண்டியை எடுத்தாள், தட்டினாள்.

கோயில் பின்பக்கத்துச் சந்திலிருந்து ராக்கெட்டு அம்பாக வந்தான். அவன் பின்னால் டீச்சர், ஜாமூன். "போச்சுடா கறி!" என்று யாரோ அலற, ஆளாளுக்கு இலைகளின்மேல் கவிழ்ந்து படுத்தார்கள். ஒருவர் பதற்றத்தில் பக்கத்து வீட்டுக் கூறைக் கட்டிக்கொண்டார். நாய்கள் வந்தன. பச்சைக் கறிக்கு ஒரு முழ தூரத்தில், வரிசையாக, உட்கார்ந்தன. வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக இறங்கியது. மூன்றும் ஷோபனாவின் முகத்தையே பார்த்தன. ஒன்றுகூட இலை பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்ட பிறகு கலெக்டர் வந்து வரிசையின் கடைசியில் உட்கார்ந்தான்.

"உக்காந்துகினு கீது பாரேன்!" என்றார் ராஜவேலு. பெருமை அவர் வாயை மீறிவிட்டது.

டீச்சர் பஞ்சாட்சரத்தைப் பார்த்து ஒரே ஒருமுறை குரைத்தாள்.

"கேட்டுடுச்சு மாமா!" கோயில் சுவரோரமிருந்து அமுதவல்லி கூவினாள். "நாயே வந்து கேட்டுடுச்சு!"

சுவரோரம் பூராவும் சிரிப்பு வெடித்தது. நீலாவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், தோள் குலுங்கியது. பஞ்சாட்சரத்தின் முகம் கறியைவிடச் சிவந்தது. கை மட்டும் நீலப் பையின் வாயை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"பையில போட்டது போட்டதுதான். தங்கச்சி வூட்டுக்குச் சொல்டேன், மசாலா அரைச்சிக்கினு கீறா. தோல வேணா எடுத்துக்கினு போ. வழக்கத்த மாத்த முடியாது."

"மொதோ எல நாய்க்குன்றதுதான் வழக்கம். மாத்தனது யாரு?"

"அடுத்த வருசம் பாத்துக்கலாம். கடலதான் வூட்டுக்கு வந்தாச்சில்ல, இனிமே நாய்க்கு இன்னா வேல? அதிகம் பேசன, வேனுக்குப் போன் போட்ருவேன்."

"போடுங்க மாமா. மொதல்ல நாய்ங்கள ஓடிப் புடிங்க. பலாமரம் வரைக்கும் ஓடுவீங்க, எனக்குத் தெரியும்."

இப்போது ஆண்கள் பக்கமும் சிரித்துவிட்டது. ஷோபனாவுக்கு விக்கல் வரும்போலிருந்தது. பயம், கோபம் எல்லாம் எங்கோ கரைந்து உடம்பு இறகாக ஆகிவிட்டது. இவர் பையைத் திறக்க மாட்டார் என்று காலையில் அம்மா சடையைப் பிடித்திருந்தபோதே அவளுக்குத் தெரியும். தலை சீவி முடிப்பதற்குள் முடிவும் எடுத்தாயிற்று. வரும் வழியில் அமுதவல்லியிடமும் ஓடைக்கு இந்தப் பக்கம் நிலம் வைத்திருப்பவர்களிடமும் பேசிவிட்டுத்தான் வந்தாள். தினம் ஒரு வீட்டுக் களி, முறை வைத்து. சனாவுல்லா பாயின் வெள்ளிக்கிழமை வாளி இருக்கவே இருக்கிறது. கேட்டுப் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி இருந்தது. கேட்டாயிற்று.

"மாமா, ஓடைக்கு அந்தப் பக்கம் உங்க மரவள்ளி நிக்குதே, தை மாசம் வரைக்கும்?"

"ஆமா. அதுக்கு இன்னா?"

"யாரு பாத்துக்குவாங்க?"

"நாய்ங்கதான்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார்.

"ஓடைக்கு இந்தப் பக்கம் நாயி. அந்தப் பக்கம் பங்கு துன்னவங்க. அந்தப் பைய எடுத்துக்கினு போயி மரவள்ளிக்கு நடுவுல தொங்க வுடுங்க. பன்னி பயந்து ஓடிப்புடும்."

தட்டையும் கரண்டியையும் பைக்குள் போட்டாள். நான்கு நாய்களையும் பார்த்து "வாங்க" என்றாள். அவை எழுந்தன. ஷோபனா இலைகளுக்கு நடுவிலேயே, எந்தப் பெண்ணும் நடக்காத அந்த வரிசையில், பாவாடை ஓரம் கறியில் படாமல் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

"யேய், நில்லு! இரு, பேசிக்கலாம்!" பின்னால் பஞ்சாட்சரத்தின் குரல் கேட்டது. பையின் ஜிப்பை யாரோ அவசரமாக இழுப்பதுபோலவும் கேட்டது.

அவள் திரும்பவில்லை. வீட்டில் களி கிளற நேரமாகிவிட்டது. ராக்கெட்டும் டீச்சரும் ஜாமூனும் அவள் காலை உரசிக்கொண்டு முன்னால் போனார்கள். கலெக்டர் நீலப் பையை ஒருமுறை நிதானமாக மோந்து பார்த்துவிட்டு, கடைசியாக வந்தான்.